ஜெய்பால் சிங் பேசினார், எங்க மலைக்கு என்ன கிடைச்சுது?

போன மாசம் சாமை அரிசி வாங்குறதுக்காக சென்னையில இருந்து ஒரு குடும்பம் வீட்டுக்கு வந்திருந்தாங்க. அரிசி மூட்டையை வண்டியில ஏத்தின பிறகு திண்ணையில உக்காந்து பேசிக்கிட்டு இருந்தோம். அந்தம்மா கேட்டாங்க, "அண்ணா, நீங்க மலையாளின்னு சொல்றீங்களே, உங்க முன்னோர்கள் கேரளாவுல இருந்து எப்ப வந்தாங்க?"

ஜவ்வாது மலைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேர் இதைத்தான் கேக்குறாங்க. மலையில வாழ்றவங்க மலையாளி, அவ்வளவுதான், எங்க பேச்சு தமிழ்தான்னு சொன்னேன். கூட வந்த பையன், காலேஜ் படிக்கிறவன், அடுத்த கேள்வியைப் போட்டான். "அப்ப நீங்க ஆதிவாசிங்களா?"

"சர்டிபிகேட்டுல பட்டியல் பழங்குடின்னு இருக்குது தம்பி."

"ரெண்டும் ஒண்ணுதானே அங்கிள்?"

ஒண்ணு இல்லை. அந்த ரெண்டு சொல்லுக்கும் நடுவுல டெல்லியில பெரிய விவாதமே நடந்திருக்கு. அந்த விவாதத்துல தோத்துப்போன ஒருத்தரைப் பத்தித்தான் இந்தப் பதிவு. அவர் தோத்ததுல எங்க மலைக்கு ஒரு நன்மையும் ஒரு நட்டமும் இருக்குது. பையனுக்கு அன்னைக்குச் சுருக்கமா சொன்னதை உங்களுக்குக் கொஞ்சம் விரிவா எழுதுறேன்.

ஹாக்கி கேப்டன்

அவர் பேர் ஜெய்பால் சிங் முண்டா. 1903 ஜனவரி 3ஆம் தேதி, இன்னைக்கு ஜார்க்கண்ட் மாநிலத்துல இருக்கிற குந்தி பக்கம் ஒரு முண்டா கிராமத்துல பிறந்தவர். ராஞ்சியில மிஷன் பள்ளியில படிக்கும்போது அங்க இருந்த பாதிரியார் இவர் கெட்டிக்காரத்தனத்தைப் பாத்து இங்கிலாந்துக்குக் கூட்டிக்கிட்டுப் போனார். ஆக்ஸ்போர்டுல பொருளாதாரம் படிச்சார். ஐ.சி.எஸ். பணிக்குத் தேர்வானார். 1928ல ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்ஸ் வந்தபோது இந்திய ஹாக்கி அணிக்கு இவர்தான் கேப்டன். தியான்சந்த் அந்த அணியில ஒரு ஆட்டக்காரர். இந்தியா முதல் முறையா ஒலிம்பிக் ஹாக்கியில தங்கம் வாங்கினது அந்த வருஷம்தான். அணிக்குள்ள ஏதோ கசப்பு வந்து ஜெய்பால் கடைசி ஆட்டங்கள்ல இறங்கலை. ஐ.சி.எஸ். வேலையையும் விட்டுட்டார்.

1939ல ஊர் திரும்பி ஆதிவாசி மகாசபைக்குத் தலைவரானார். காங்கிரஸ்காரங்களுக்கு அவர் மேல முழு நம்பிக்கை இருந்தது கிடையாது. இரண்டாம் உலகப் போர் சமயத்துல ஆங்கிலேயருக்கு ஆள் சேர்க்க உதவினவர் அவர். அதையும் சொல்லித்தான் ஆகணும். ஒருத்தரைப் பத்தி எழுதும்போது நல்லதை மட்டும் பொறுக்கி எழுதினா, கல்லை எடுக்காம சாமை குத்தின மாதிரி ஆயிடும்.

1946 டிசம்பர் 9ஆம் தேதி அரசியல் நிர்ணய சபை கூடினப்ப ஜெய்பால் சிங் பீகார்ல இருந்து சுயேச்சை உறுப்பினரா உள்ளே போனார். நாடு முழுக்க இருந்த பழங்குடி மக்களுக்கு அந்தச் சபையில விரல்விட்டு எண்ணுற அளவுதான் ஆளுங்க இருந்தாங்க. நம்ம சென்னை மாகாணத்துல இருந்து பெரிய பெரிய வழக்கறிஞர்களும் தலைவர்களும் போனாங்க. அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், கோபாலசாமி ஐயங்கார், டி.டி. கிருஷ்ணமாச்சாரி எல்லாம் அங்க இருந்தாங்க. ஆனா கொல்லிமலை, கல்வராயன், சேர்வராயன், ஜவ்வாது, நீலகிரி, இந்த மலைகள்ல பிறந்த ஒருத்தர் கூட அங்க இல்லை. அதனால எங்களுக்கும் சேர்த்து அந்த முண்டாக்காரர்தான் பேசினார்னு நான் எடுத்துக்குறேன்.

டிசம்பர் 19

டிசம்பர் 13ஆம் தேதி நேரு குறிக்கோள் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். இந்தியா எப்படிப்பட்ட நாடா இருக்கப் போவுதுன்னு சொல்ற தீர்மானம் அது. ஆறு நாள் கழிச்சு, 19ஆம் தேதி ஜெய்பால் சிங் எழுந்தார். அரசியல் நிர்ணய சபை விவாதங்கள் முழுசும் இப்ப இணையத்துல கிடைக்குது. அந்தப் பேச்சை நான் பல தடவை படிச்சிருக்கேன். மேடைப் பேச்சு மாதிரி கத்தல் கிடையாது. ஒரு கிராமத்துக்காரர் பஞ்சாயத்துல எழுந்து நியாயம் கேக்குற தோரணை.

தன்னை ஒரு காட்டுவாசின்னே அறிமுகப்படுத்திக்கிட்டார். எங்க ஊர்ப்பக்கம் எங்களை அப்படித்தான் கூப்பிடுறாங்க, அதுல எனக்குப் பெருமைதான்னார். இந்தத் தீர்மானத்தோட சட்ட நுணுக்கம் எங்க மக்களுக்குப் புரியும்னு நான் சொல்லமாட்டேன், ஆனா எல்லாரும் சேர்ந்து நடக்கணும், சேர்ந்து போராடணும்கிறது எங்களுக்குப் புரியும்னார். ஆறாயிரம் வருஷமா எங்களை விரட்டிக்கிட்டே இருந்தீங்க, இந்தச் சபையில உக்காந்திருக்கிற உங்கள்ல பெரும்பாலானவங்க வெளியில இருந்து வந்தவங்கதான்னு நேருக்கு நேர் சொன்னார். பழங்குடிகளுக்கு நீங்க ஜனநாயகம் சொல்லித்தர வேண்டியதில்லை, அதை நீங்கதான் அவங்ககிட்ட கத்துக்கணும்னும் சொன்னார்.

இவ்வளவும் சொல்லிட்டு அவர் தீர்மானத்தை எதிர்க்கலை. நேரு சொன்ன வார்த்தையை நம்பி ஆதரிக்கிறேன்னு முடிச்சார். எனக்கு அதுதான் அந்தப் பேச்சுல பெரிய விஷயமாப் படுது. பழைய கணக்கை எல்லாம் எடுத்து மேசை மேல வெச்சுட்டு, புதுக் கணக்கு எழுதலாம் வாங்கன்னு கூப்பிட்ட பேச்சு அது.

இன்னொன்னும் சொன்னார். இந்தச் சபையில ஆம்பளைங்க ரொம்ப அதிகம், பெண்கள் இன்னும் வேணும்னார். 1946ல! எங்க ஊர்க் கூட்டம் புளியமரத்தடியில நடக்கும். எங்க தாத்தா காலத்துல பெண்கள் ஓரமா நிப்பாங்க, கூப்பிட்டாத்தான் பேசுவாங்க. ஜனநாயகத்தை எங்ககிட்ட கத்துக்கங்கன்னு அவர் சொன்னதைப் படிக்கும்போது நெஞ்சு நிமிருது. அதே பேச்சுல பெண்கள் எங்கன்னு அவர் கேக்குறதைப் படிக்கும்போது எங்க ஊர்க் கூட்டம் ஞாபகம் வந்து தலை கொஞ்சம் தாழுது.

ஒரு சொல்லுக்காக

இப்ப அந்தப் பையன் கேட்ட கேள்விக்கு வரேன்.

சட்ட வரைவுல பட்டியல் பழங்குடிங்கிற சொல்லைத்தான் போட்டிருந்தாங்க. ஜெய்பால் சிங் ஆதிவாசிங்கிற சொல் வேணும்னு நின்னார். ஆதிவாசின்னா ஆதியில இருந்தே இங்க வசிக்கிறவங்க. அந்தச் சொல்லுக்குள்ளேயே ஒரு உரிமை இருக்குது. பட்டியல்ங்கிறது யாரோ ஒரு அதிகாரி எழுதுற தாள். இந்தியில வன ஜாதின்னு ஒரு சொல்லை மொழிபெயர்ப்புல போட்டப்ப அதுக்கும் எதிர்ப்பு சொன்னார். அது எங்களை வசை பாடுற சொல்லுன்னார்.

1948 டிசம்பர் தொடக்கத்துல அம்பேத்கர் இதுக்குப் பதில் சொன்னார். ஆதிவாசிங்கிறது பொதுவான சொல், சட்டத்துல அதுக்கு வரையறை கிடையாது. பட்டியல் பழங்குடின்னா யார் யார்னு பேர் பேரா எழுதியிருக்கும், நாளைக்கு கோர்ட்டுல யாரும் வந்து நீ யாருன்னு கேக்க முடியாது. அம்பேத்கர் வாதம்தான் ஜெயிச்சுது. சட்டத்துல ஆதிவாசி வரலை.

தமிழ்ல ஒரு வேடிக்கை நடந்திருக்கு பாருங்க. நாம பழங்குடின்னு ஒரு சொல்லைப் போட்டோம். பழங்குடின்னா பழைய குடி, ஆதியில இருந்தே இருக்கிற குடி. ஜெய்பால் டெல்லியில கேட்டு வாங்க முடியாததை, அவருக்குத் தெரியாத தமிழ் அவருக்குக் கொடுத்துடுச்சு. முன்னால பட்டியல் ஒட்டிக்கிட்டு இருக்கு, அவ்வளவுதான்.

சரி, எங்க மலைக்கு யார் சொன்னது நல்லது? ஜெய்பாலா, அம்பேத்கரா?

இங்கதான் எனக்குச் சங்கடம். எங்க பாட்டி ஒரு கதை சொல்லும். பழைய வட ஆற்காடு மாவட்டப் பதிவுகள்லயும் அந்தக் கதை இருக்குது. கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்து வேளாளர்கள்கிட்ட பொண்ணு கேட்டாங்களாம். கொடுக்கலை. ஏழு பொண்ணுங்களைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. மீட்டுவர ஏழு பேர் ஏழு நாயோட கிளம்பினாங்க. நாய் மட்டும் தனியா திரும்பினா நாங்க செத்துட்டோம்னு வெச்சுக்கங்கன்னு பெண்டாட்டிங்ககிட்ட சொல்லிட்டுப் போனாங்க. பாலாத்துல வெள்ளம். நாய்ங்க திரும்பிடுச்சு. வீட்டுல கருமாதி பண்ணிட்டாங்க. இவங்க வேடர்களை ஜெயிச்சுட்டு ஊருக்கு வந்தா, கருமாதி முடிஞ்ச ஆளுங்க வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு ஆகிப்போச்சு. அப்புறம் வேடப் பெண்களைக் கட்டிக்கிட்டு இந்த மலைக்கு ஏறிட்டாங்க. அவங்க வாரிசுதான் நாங்கன்னு கதை.

கதை உண்மையான்னு யாரும் நிரூபிக்க முடியாது. ஆனா எங்க கதைப்படி நாங்க அப்பா வழியில கீழ இருந்து வந்தவங்க, அம்மா வழியில மலைக்காரங்க. ஆறாயிரம் வருஷக் கணக்கு கேட்டா எங்ககிட்ட தாள் கிடையாது. ஆதிவாசிங்கிற சொல்லே சட்டமாகி, நீ ஆதியில இருந்து இருந்தியான்னு ஒரு வழக்கறிஞர் கேட்டிருந்தா, இந்த நாய்க் கதையே எங்களுக்கு எதிரா நின்னிருக்கும். பட்டியல்ல மலையாளின்னு எழுதியிருந்ததால எங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. அந்த வகையில அம்பேத்கர் சொன்னது எங்களைக் காப்பாத்துச்சு.

ஆனா அதே பட்டியல் எங்க சொந்தக்காரங்களை வெளியில நிறுத்திடுச்சு. தமிழ்நாட்டுப் பட்டியல்ல மலையாளின்னு மட்டும் இல்லை. கூடவே மாவட்டப் பேர் இருக்குது. தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சி. இந்த மாவட்டங்கள்ல இருந்தாத்தான் மலையாளி பழங்குடி. ஈரோடு மாவட்டத்துல பர்கூர் மலையிலயும் கடம்பூர் மலையிலயும் மலையாளிங்க இருக்காங்க. அது அன்னைக்குக் கோயம்புத்தூர் மாவட்டம். கோயம்புத்தூர் பேர் பட்டியல்ல இல்லை. அதனால அங்க இருக்கிற பிள்ளைங்களுக்கு எஸ்.டி. சான்றிதழ் கிடையாது. அதே பேர், அதே மாதிரி மலை, மாவட்டக் கோடு மட்டும் வேற.

இதை மாத்தணும்னா கலெக்டரால முடியாது, முதலமைச்சராலயும் முடியாது. அரசியல் சாசனம் 342ஆம் பிரிவுப்படி நாடாளுமன்றம்தான் சட்டம் போட்டு மாத்தணும். நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்களை 2022 டிசம்பர்லதான் ரெண்டு அவையிலயும் மசோதா நிறைவேத்திச் சேர்த்தாங்க. அதுக்கு அவங்க எத்தனை பத்து வருஷம் மனு கொடுத்திருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. பட்டியலை எழுதுறது சுலபம், திருத்துறது கஷ்டம்.

நான் ஒத்துக்காத ஒரு பேச்சு

1948 நவம்பர் 24ஆம் தேதி மதுவிலக்கைப் பத்தி விவாதம். அதுலயும் ஜெய்பால் பேசினார். அரிசியில காய்ச்சுற கள்ளு எங்க சாமிக்குப் படைக்கிறது, அதைத் தடுக்குறது மதத்துல கைவைக்கிற மாதிரின்னார். முழங்கால் அளவு சேத்துல, கொட்டுற மழையில நாள் முழுக்க நாத்து நடுற சந்தால் மக்களுக்கு அது இல்லாம வேலையே ஓடாதுன்னார்.

சேத்துல நின்னு வேலை செஞ்சவன்கிற முறையில அவர் சொல்ற அலுப்பு எனக்குத் தெரியும். சாமிக்குப் படைக்கிறதையும் நான் குறை சொல்லமாட்டேன். ஆனா இந்த மலையில சாராயம் குடும்பங்களை என்ன பண்ணுச்சுன்னு பாத்தவன் நான். இதை எங்க ஊர்ப் பெண்கள்கிட்ட கேட்டிருந்தா வேற பதில் வந்திருக்கும். சபையில பெண்கள் வேணும்னு அவரே கேட்டது இதுக்காகவும்தான் சரின்னு எனக்குத் தோணும்.

ஐந்தாம் அட்டவணையும் எங்க மலையும்

இப்ப நட்டக் கணக்குக்கு வரலாம். இதுதான் முக்கியம்.

1949 செப்டம்பர் 5ஆம் தேதி ஐந்தாம் அட்டவணை விவாதத்துக்கு வந்துது. பழங்குடிப் பகுதிகளை எப்படி நிர்வாகம் பண்ணணும்னு சொல்ற பகுதி அது. சில இடங்களை அட்டவணைப் பகுதின்னு அறிவிப்பாங்க. அங்க நிலம் வெளியாளுக்குக் கைமாறுறதைத் தடுக்க ஆளுநர் விதி போடலாம். வட்டிக்காரங்களைக் கட்டுப்படுத்தலாம். பழங்குடி ஆலோசனைக் குழுன்னு ஒண்ணு இருக்கும். அதுல அதிகபட்சம் இருபது பேர், முக்கால் பங்கு பழங்குடி எம்.எல்.ஏ.க்கள்.

முதல் வரைவுல அந்தக் குழுவுக்குப் பல் இருந்துது. கடைசி வரைவுல பல்லைப் பிடுங்கிட்டாங்கன்னு ஜெய்பால் வருத்தப்பட்டார். ஆலோசனை சொல்லலாம், அதுவும் ஆளுநர் கேட்டா. பழங்குடிங்க அட்டவணைப் பகுதியில மட்டும் இல்லை, நாடு முழுக்க இருக்காங்கங்கிறதும் அவர் திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம்.

எங்க மலை அந்த அட்டவணைக்குள்ள வரலை. அன்னைக்கு சென்னை மாகாணத்துல அறிவிச்ச மலைகள் எல்லாம் கோதாவரி, விசாகப்பட்டினம் பக்கத்து ஏஜென்சி மலைகள். 1953 அக்டோபர் 1ஆம் தேதி ஆந்திரா பிரிஞ்சப்ப அந்த மலைகளோட அட்டவணையும் அந்தப் பக்கம் போயிடுச்சு. மிச்சம் இருந்த தமிழ் மலைகள் ஒண்ணுகூட அதுல இல்லை. இன்னைக்குப் பத்து மாநிலங்கள்ல ஐந்தாம் அட்டவணைப் பகுதி இருக்குது. தமிழ்நாடு அதுல கிடையாது. சாசனத்துல ஒரு வரி இருக்கு, அட்டவணைப் பகுதி இல்லாத மாநிலத்துலயும் குடியரசுத் தலைவர் சொன்னா ஆலோசனைக் குழு வைக்கலாம்னு. அந்த வரியால நமக்குக் குழு மட்டும் இருக்கு. குழு ஆலோசனை சொல்ற அளவுக்குத்தான். நிலத்தைக் காக்கிற அதிகாரம் அட்டவணையோட போயிடுச்சு.

இதனால என்னன்னு நகரத்துல இருக்கிற நீங்க கேக்கலாம். ஒரு உதாரணம் சொல்றேன்.

1996ல நாடாளுமன்றம் பெசா சட்டம் போட்டுது. திலீப் சிங் பூரியாங்கிற எம்.பி. தலைமையில ஒரு குழு கொடுத்த அறிக்கைதான் அதுக்கு அடிப்படை. அட்டவணைப் பகுதியில ஒரு குக்கிராமமே தனக்குக் கிராம சபை நடத்தலாம்னு அந்தச் சட்டம் சொல்லுது. இது தமிழ்நாட்டுக்குக் கிடையாது, ஏன்னா அட்டவணைப் பகுதி கிடையாது. அதனால எங்களுக்குக் கிராம சபைன்னா ஊராட்சி முழுக்கச் சேர்ந்ததுதான். சமவெளியில ஒரு ஊராட்சின்னா சைக்கிள்ல போயிடலாம். மலையில ஒரு ஊராட்சிக்குள்ள பத்து இருபது குக்கிராமம், நடுவுல பள்ளமும் ஓடையும் காடும். அக்டோபர் 2 கிராம சபைக்குப் போகணும்னா சில ஊர்க்காரங்க விடியக்காலையில நடக்க ஆரம்பிக்கணும். கைக்குழந்தை வெச்சிருக்கிற பொண்ணு வருமா? வேலைக்குப் போற ஆள் வருவாரா? ஜனநாயகத்தை எங்ககிட்ட கத்துக்கங்கன்னு ஜெய்பால் சொன்னது எங்க புளியமரத்தடிக் கூட்டத்தை. அந்தக் கூட்டத்துக்குச் சட்டத்துல இடம் இல்லை.

2006 டிசம்பர்ல வன உரிமைச் சட்டம் வந்துது. பழங்குடிகளுக்கு வரலாற்று அநீதி நடந்திருக்குன்னு நாடாளுமன்றமே அந்தச் சட்டத்தோட முகப்புல ஒத்துக்கிட்டுது. 1946ல ஜெய்பால் மேசை மேல வெச்ச கணக்குக்கு அறுபது வருஷம் கழிச்சு வந்த ரசீது மாதிரி அது. முதல் மசோதாவுல 1980க்கு முன்னால இருந்து காட்டுல இருந்தவங்களுக்குத்தான்னு இருந்துது. கிஷோர் சந்திர தேவ் தலைமையில கூட்டுக்குழு உக்காந்து அதை 2005 டிசம்பர் 13ன்னு மாத்துச்சு. ஒரு தேதியை மாத்தினதுல எத்தனை குடும்பம் உள்ளே வந்திருக்கும்! நாடாளுமன்றத்துல உக்காந்து வரி வரியாப் பேசுறதால என்ன ஆவும்னு கேக்குறவங்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

தமிழ்நாட்டுல அதுவும் தாமதம். 2008ல சென்னை உயர் நீதிமன்றத்துல ஒரு வழக்கு, நீதிமன்றத்தைக் கேக்காம பட்டா கொடுக்கக்கூடாதுன்னு இடைக்கால உத்தரவு. 2016ல அது விலகின பிறகுதான் இங்க பட்டா வர ஆரம்பிச்சுது. எங்க அப்பா மனு எழுதிக் கொடுத்தவர். பட்டா வந்தப்ப அவர் இல்லை. அந்தத் தாளை வாங்கிட்டு வந்து அவர் போட்டோ முன்னால வெச்சோம்.

யார் பேசுவா?

ஜெய்பால் சிங் 1950ல ஜார்க்கண்ட் கட்சி ஆரம்பிச்சார். 1952 தேர்தல்ல பீகார் சட்டசபையில 32 இடம் பிடிச்சுது. அவர் மக்களவைக்குப் போனார், கடைசி வரைக்கும் எம்.பி.யா இருந்தார். 1963ல கட்சியைக் காங்கிரஸோட சேர்த்துட்டார். அதுல அவர் மக்களுக்கே கோவம். 1970 மார்ச் 20ல காலமானார். அவர் கேட்ட தனி மாநிலம் 2000 நவம்பர் 15லதான் பிறந்துது. ஆனாலும் அவங்களுக்குன்னு பேச அவங்க மண்ணுல பிறந்த எம்.பி. இருந்தார்.

எங்களுக்கு? 2001 கணக்கெடுப்புல தமிழ்நாட்டுல பழங்குடிகள் 6,51,321 பேர், நூத்துக்கு ஒருத்தர். அந்த விகிதத்துல 39 மக்களவைத் தொகுதியைப் பிரிச்சா அரைத் தொகுதி கூட வராது. அதனால தமிழ்நாட்டுல பழங்குடிக்குத் தனி மக்களவைத் தொகுதி ஒண்ணும் இல்லை. சட்டசபையில 234ல ரெண்டு, ஏற்காடும் சேந்தமங்கலமும். எங்க மலை அதுல இல்லை. ஜவ்வாது மலையே இன்னைக்கு திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர்னு மூணு மாவட்டமாப் பிரிஞ்சு கிடக்கு. ஒரே மலை, ஓட்டு மட்டும் தனித்தனியா இறங்கி சமவெளி ஓட்டுல கரைஞ்சுபோவுது. மலைக்கு ரோடு இல்லாம நோயாளியை டோலி கட்டித் தூக்குறது, வேலை இல்லாம ஆந்திராப் பக்கம் செம்மரம் வெட்டப் போறது, இதெல்லாம் செய்தியில வந்தாத்தான் பேச்சாவுது. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலம் காட்டுல இருபது பேர் சுட்டுக் கொல்லப்பட்டப்பதான் பல பேருக்கு எங்க மலைப் பேரே தெரிஞ்சுது.

எண்ணிக்கை குறைச்சலா இருந்தா பேசவே முடியாதான்னா, அப்படியும் இல்லை. 1957ல தி.மு.க. முதல் முறையா மக்களவைக்கு அனுப்பினது ரெண்டே பேர். ஒருத்தர் நாமக்கல் ஈ.வெ.கி. சம்பத், இன்னொருத்தர் எங்க திருவண்ணாமலை இரா. தர்மலிங்கம். அந்த ரெண்டு பேர்ல சம்பத் மொழிப் பிரச்சினையை விடாமப் பிடிச்சதாலதான், இந்தி பேசாத மக்கள் விரும்புற வரைக்கும் ஆங்கிலம் நீடிக்கும்ங்கிற உறுதிமொழியை நேரு 1960ல அவருக்கு எழுத்துல கொடுத்தார். ஜெய்பால் பின்னால நின்னவங்களும் ஒரு கைப்பிடி ஆளுங்கதான். அதனால எங்க தொகுதியில ஜெயிக்கிறவர் எந்த ஊர்க்காரரா இருந்தாலும் சரி, தமிழ் மலைகளுக்கு ஐந்தாம் அட்டவணை வேணும், பர்கூர் மலையாளிங்க பேர் பட்டியல்ல வரணும்னு அவர் சபையில எழுந்து கேக்கலாம். கேக்க வைக்கிறதுக்கு எங்க ஓட்டு மட்டும் பத்தாது. உங்க ஓட்டும் சேர்ந்தாத்தான் ஆவும். இந்தப் பதிவை உங்களுக்காக எழுதுறதுக்குக் காரணமும் அதுதான்.

அன்னைக்கு அந்தப் பையனுக்கு ஜெய்பால் பேச்சைப் போன்ல எடுத்துக் காட்டலாம்னு பாத்தேன். திண்ணையில சிக்னல் இல்லை. ரெண்டு பேரும் வீட்டுக்குப் பின்னால இருக்கிற பாறை மேல ஏறினோம், அங்கதான் ரெண்டு கோடு வரும். அங்கேயே நின்னு முழுசும் படிச்சு முடிச்சான். இறங்கும்போது கேட்டான், "அங்கிள், அப்ப உங்களை நான் எப்படிச் சொல்லணும்? ஆதிவாசின்னா, எஸ்.டி.ன்னா?"

"பழங்குடின்னு சொல்லு தம்பி. அந்த நாய்க் கதையையும் சேர்த்துச் சொல்லு" என்றேன்.